வெஸ்னாத் மல்டிபிளேயர்: எட்டாவது டர்னுக்குள் படை கரைந்துவிடுகிறது, எங்கே தப்பு?

புதுப்படை:

பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்ற டர்ன் முறைப் போர் உத்தி கேமில் கேம்பெயின் (தனியாக ஆடும் கதை ஆட்டம்) ஆடினால் கம்ப்யூட்டரை ஜெயிக்க முடிகிறது. சர்வரில் பழைய ஆட்டக்காரர் ஒருவரோடு ஒண்டிக்கு ஒண்டி நின்றால் ஏழெட்டு டர்னில் கதை முடிந்துவிடுகிறது.

செட்டிங்: டீஃபால்ட் எரா (வழக்கமான அணித் தொகுப்பு), 100 கோல்டு தொடக்கம், கிராமத்துக்கு 2 கோல்டு, ஃபாக் (தூரத்தில் உள்ள எதிரியை மறைக்கும் மூட்டம்) ஆன். நான் எடுப்பது லாயலிஸ்ட் என்ற மனித அணி. முதல் டர்னில் 5 ஸ்பியர்மேன் (ஈட்டி வீரர்), 1 மேஜ் (மந்திரவாதி), மொத்தம் 90 கோல்டு. எல்லாரையும் ஒன்றாக மேப்பின் நடுவுக்கு நகர்த்தி, எதிரி தெரிந்ததும் அடிக்க ஆரம்பிக்கிறேன். நாலாவது டர்னில் மோதல் தொடங்குகிறது, ஏழாவது டர்னில் என்னிடம் லீடரும் ஒன்றிரண்டு பேரும்தான் மிச்சம்.

முதலில் என்ன வாங்குவது, எப்போது அடிப்பது, எப்போது விலகுவது? இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? பொதுவாக "பொறுமையா ஆடுங்க" என்று சொல்லாமல் எண்களோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆறுமுனை:

முதலில் வாங்குவதைப் பற்றி. 5 ஸ்பியர்மேன் என்பது எல்லாம் ஒரே வேகம், ஒரே வகை ஆயுதம். எல்லாருக்கும் 5 நகர்வுதான், அதனால் தூரத்துக் கிராமங்களுக்கு எதிரியின் குதிரையோ வௌவாலோ முந்திவிடும். எதிரே அன்டெட் (பிணங்கள், எலும்புக்கூடுகளின் அணி) வந்துவிட்டால் இன்னும் மோசம். ஸ்கெலிட்டனுக்கு ஈட்டிக் குத்து 60% தாங்கும், உங்கள் 7 சேதம் 3 ஆகிவிடும்.

எதிரி எந்த அணி என்று தெரியாதபோது கலந்து வாங்குங்கள். கீப்பை (லீடர் நின்று ஆள் வாங்கும் கட்டம்) சுற்றி 6 கட்டம் இருந்தால்:

ஸ்பியர்மேன் 2 (14 + 14), கேவல்ரிமேன் 1 (17), மேஜ் 1 (20), ஃபென்சர் 1 (16), மெர்மேன் ஃபைட்டர் 1 (14). மொத்தம் 95.

மேப்பில் தண்ணீர்க் கிராமம் இல்லையென்றால் மெர்மேன் வேண்டாம், அந்த இடத்தில் இன்னொரு ஸ்பியர்மேன், விலையும் அதேதான். பதிப்புக்குப் பதிப்பு சில விலைகள் ஒன்றிரண்டு மாறும், ரெக்ரூட் பட்டியலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாங்கலை எதிரியைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதற்காகத்தான் கேவல்ரியும் ஃபென்சரும்: முதல் மூன்று டர்னில் அவை கண், பிறகுதான் கை. அவற்றைக் கொண்டு எதிரியின் முதல் யூனிட்டைப் பார்த்தாலே அணி தெரிந்துவிடும்.

வாங்கும்போது எந்தக் கட்டத்தில் யார் நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். கீப்பைச் சுற்றிய கோட்டைக் கட்டங்களில் (காசில்) ஒன்றின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஆர் அழுத்தினால் அந்த இடத்தில்தான் யூனிட் பிறக்கும். இடதுபக்கக் கிராமத்துக்குப் போக வேண்டியவர் வலதுபக்கத்தில் பிறந்தால் ஒரு டர்ன் வீண். முதல் டர்னிலேயே ஒவ்வொரு கிராமத்துக்கும் யார் என்று மனசுக்குள் பெயர் எழுதிவிட வேண்டும். ஒரே கிராமத்தை நோக்கி இரண்டு பேர் போகக் கூடாது. கீப்புக்கு ஒட்டிய ஒன்றிரண்டு கிராமங்களை லீடரே எடுத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்குக் காசு சேரும் டர்னில் கீப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். லீடர் வெளியே சுற்றிக்கொண்டிருக்க 30 கோல்டு சும்மா கிடப்பதைப் புதியவர்களின் ஆட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம்.

வருமானக் கணக்கு: அடிப்படை 2, கிராமம் ஒன்றுக்கு 2. ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் லெவல் அளவு பராமரிப்புச் செலவு உண்டு. ஒரு கிராமம் ஒரு லெவலை இலவசமாகத் தாங்கும். லீடருக்குச் செலவு கிடையாது. 8 கிராமம், லெவல் 1 யூனிட் 10 என்றால் 2 + 16 − 2 = டர்னுக்கு 16.

எதிரியின் கிராமம் ஒன்றைப் பிடித்தால் உங்களுக்கு 2 ஏறும், அவருக்கு 2 இறங்கும். இருவர் படையும் கிராம எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால் பராமரிப்பிலும் ஆளுக்கு 1. ஆக, டர்னுக்கு 6 கோல்டு வித்தியாசம். இரண்டு டர்ன் அதைப் பிடித்து வைத்தால் ஒரு கிரண்ட்டின் (ஓர்க் காலாள்) விலை (12) போய்விட்டது. நடுவில் மோதி ஒரு ஆளைக் கொல்வதும் ஓரத்தில் ஒரு கிராமத்தை இரண்டு டர்ன் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டாவதில் ரத்தம் குறைவு.

சாயங்காலம்:

ஆறுமுனை சொன்னது சரி, ஆனா நோய் அங்க இல்லை. கேள்வியிலயே பதில் இருக்கு பாருங்க: "நாலாவது டர்னில் மோதல், ஏழாவது டர்னில் யாரும் இல்லை".

பொழுது ஆறு டர்ன் சுழற்சி. விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. ஆட்டம் விடியல்ல ஆரம்பிச்சா நாலாவது டர்ன் அந்தி, 5, 6 இரவு. லாயலிஸ்ட் பெரும்பாலும் லாஃபுல்: பகல்ல 25% கூட, இரவுல 25% குறைய. அதாவது, பகல் முழுக்க நடந்துட்டு சரியா இருட்டுற நேரத்துல போய் சண்டைக்கு நிக்குறீங்க. எதிர்ல ஓர்க்கோ அன்டெட்டோ இருந்தா அவங்க கேயாட்டிக், அதாவது நேர் எதிர்: இரவுல கூட, பகல்ல குறைய. அவங்களுக்கு இதைவிட நல்ல விருந்தாளி கிடைக்க மாட்டாங்க.

எண் கேட்டீங்க, இந்தாங்க. ஸ்பியர்மேன் 7×3 (ஒரு அடிக்கு 7 சேதம், 3 அடி), கிரண்ட் 9×2.

பகல்: ஸ்பியர்மேன் 9×3 = 27, கிரண்ட் 7×2 = 14.
இரவு: ஸ்பியர்மேன் 5×3 = 15, கிரண்ட் 11×2 = 22.

எல்லா அடியும் விழுந்தா வர்ற எண் இது. அதே ரெண்டு பேர், அதே கட்டம். பகல்ல நீங்க ரெண்டு மடங்கு, இரவுல அவர் ஒன்றரை மடங்கு. இத்தனைக்கும் ஸ்பியர்மேன் 14 கோல்டு, கிரண்ட் 12.

அப்போ என்ன செய்யணும்?

முதல் பகல்ல கிராமங்களைப் பிடிங்க, சண்டை தேடாதீங்க. அந்தியில முன்வரிசை எதிரிக்கு எட்டாத தூரத்துல இருக்கணும். கண்ட்ரோல் + வி அழுத்தினா கண்ணுக்குத் தெரியுற எதிரிங்க அடுத்த டர்ன்ல எதுவரைக்கும் வர முடியும்னு காட்டும். ஃபாக்குக்குள்ள இருக்கிறவங்க அதுல வர மாட்டாங்க, அதையும் மனசுல வெச்சுக்கணும். ரெண்டு இரவு டர்னும் மெதுவா பின்வாங்குங்க, உங்க கிராமங்களை நோக்கி. எதிரி துரத்தி வந்தா நல்லதுதான்: அவர் வீட்டுல இருந்து தூரம், புதுசா வாங்குறவன் வந்து சேர மூணு நாலு டர்ன் ஆகும், விடியும்போது அவர் உங்க வாசல்ல நிப்பார். விடியல்ல ரெண்டு பக்கமும் சமம், காலை, பிற்பகல் ரெண்டும் உங்களுது. அப்போ அடிங்க.

பின்வாங்குறதுல புதுசா வர்றவங்க பண்ற தப்பு, ஒட்டி நின்னதுக்கு அப்புறம் ஓடப் பார்க்கிறது. லெவல் 1-ம் அதுக்கு மேலயும் இருக்கிற ஒவ்வொரு யூனிட்டும் தன்னைச் சுத்தின 6 கட்டத்தையும் அடைச்சு வெச்சிருக்கும். அந்தக் கட்டத்துல கால் வெச்சா அந்த டர்னுக்கு அங்கேயே நின்னாகணும். ரெண்டு பக்கமும் எதிரி ஒட்டிட்டா ஒரு கட்டம்தான் நகர முடியும், அது பின்வாங்கல் இல்ல. அதனால முடிவு அந்திக்கு முன்னாடியே எடுக்கணும். ஒருத்தரை விட்டுட்டுத்தான் போகணும்னா அடிபடாத ஸ்பியர்மேன் ஒருத்தரைக் கிராமத்துல நிறுத்துங்க: 60% தற்காப்பு, டர்னுக்கு 8 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஏறும், அவரை நெருங்கி அடிச்சா ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்னால அவர் குத்துதான் முதல்ல விழும்.

இதே அடைப்பை நீங்களும் பயன்படுத்தலாம். ரெண்டு யூனிட்டுக்கு நடுவுல ரெண்டு காலிக் கட்டம் விட்டு நின்னாலும் எதிரி ஒரே டர்ன்ல ஊடே புகுந்து போக முடியாது. ஃபென்சர், சாரியன் (பல்லி மனிதர்) ஸ்கர்மிஷர் மாதிரி ஸ்கர்மிஷர் திறமை உள்ளவங்களுக்கு மட்டும் இந்த அடைப்பு கிடையாது. லெவல் 0 யூனிட்டுக்கு அடைக்கவே தெரியாது, வாக்கிங் கார்ப்ஸ் வரிசையா நின்னாலும் பக்கத்துல நடந்து போகலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆட்டத்தை அமைக்கும்போது தொடக்க நேரம் ரேண்டம்னு வெச்சிருந்தா மேல சொன்ன டர்ன் எண் எதுவும் பொருந்தாது. வலப்பக்கப் பட்டையில இருக்கிற சூரியன், நிலா படத்தைப் பார்த்துதான் கணக்குப் போடணும்.

கணக்குப்புலி:

அதிர்ஷ்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில்.

அடிப்பவர் யார் என்பதைவிட, அடிவாங்குபவர் எதன் மேல் நிற்கிறார் என்பதே அடி விழுவதைத் தீர்மானிக்கிறது. ஸ்பியர்மேன், மேஜ் போன்ற மனித யூனிட்டோ ஓர்க்கோ புல்வெளியில் நின்றால் 40% தற்காப்பு, அதாவது 60% அடி விழும். கிராமம், காசில் 60%. காடு, குன்று 50%. ஆழமில்லாத தண்ணீர் 20% மட்டுமே.

18 ஹெச்பி மிச்சமுள்ள எதிரியைப் பகலில் ஸ்பியர்மேன் (9×3) தாக்குகிறார். கொல்ல 3 குத்தில் 2 விழ வேண்டும். அவர் புல்வெளியில் இருந்தால் வாய்ப்பு 64.8%. கிராமத்தில் இருந்தால் 35.2%. தண்ணீரில் இருந்தால் 89.6%. ஒரே தாக்குதலுக்கு மூன்று விலை. கிராமத்தில் உட்கார்ந்தவரை மூன்று முறை குத்திவிட்டு "ராசி இல்லை" என்பவர்கள் இந்த 35-ஐ 65 என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேஜ் இதற்கு விலக்கு. மாயத் தாக்குதல் எந்த நிலத்திலும் 70%. ஆகவே உயர்ந்த தற்காப்பில் இருப்பவருக்கு மேஜ், புல்வெளியில் நிற்பவருக்கு ஸ்பியர்மேன்.

வரிசை: திருப்பி அடிக்க முடியாதபடி தாக்குபவர் முதலில். கிரண்ட்டிடம் தொலைத் தாக்குதல் ஆயுதம் இல்லை, மேஜ் இலவசமாகச் சுடலாம். பிறகு மற்றவர்கள், சாகும் நிலையில் உள்ளவனை முடிப்பது எக்ஸ்பி (லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி) வேண்டியவர். கொன்றால் எதிரியின் லெவலைப் போல 8 மடங்கு எக்ஸ்பி, சும்மா சண்டையிட்டால் லெவல் அளவே. அதனால் கடைசி அடி யாருடையது என்று திட்டமிடுங்கள்.

சுட்டுவிட்டு மேஜை அங்கேயே விட்டால் என்ன ஆகும்? அவருக்கு 24 ஹெச்பி. இரவில், புல்வெளியில், இரண்டு கிரண்ட்டுகள் நெருங்கினால் 11 வீதம் 4 அடி, அதில் 3 விழுந்தால் போதும்: 47.5%. 20 கோல்டு யூனிட்டை நாணயம் சுண்டி வைப்பது போன்றது. அவரை அடையக்கூடிய கட்டம் ஒன்றாகக் குறைந்தால் கிரண்ட்டுகளால் அந்த டர்னில் கொல்லவே முடியாது, 22-தான் அதிகபட்சம். கவனிக்க வேண்டியது இந்தக் கட்ட எண்ணிக்கையைத்தான். நேர்கோட்டில் ஒட்டி நின்றால் நடுவில் உள்ளவருக்கு முன்னால் 2 கட்டம் திறந்திருக்கும், ஓரத்தில் உள்ளவருக்கு 3. வரிசையை விட்டு ஒரு கட்டம் முன்னால் போனவருக்கு இன்னும் கூடும். ஓரத்தில் மேஜை நிறுத்தாதீர்கள்.

தாக்கும் முன் திறக்கும் பெட்டியில் சேதக் கணக்குப் பொத்தான் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் திறந்து எதிர்பார்த்த சேதம், நடந்த சேதம் இரண்டையும் ஒப்பிடுங்கள். எதிர்பார்ப்பு எண்ணிலேயே நீங்கள் பின்தங்கியிருந்தால் பகடையின் மேல் பழி போட முடியாது.

கோட்டைவாசல்:

ஒரு மாற்றுக் கருத்து. இரவு வந்தாலே ஓடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரேக் அணியிலும் டிரேக்குகள் லாஃபுல், சாரியன்கள் மட்டும் கேயாட்டிக். எதிரே ரெபெல்ஸ் என்றால் எல்ஃப்கள் நியூட்ரல், இரவு அவர்களுக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. நட்டம் உங்களுக்கு மட்டும்தான், அதனால் ஒதுங்கினால் போதும், வீடு வரை வர வேண்டாம். அவர்களைக் காட்டுக்குள் போய் அடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் லீடர். லீடராக லெஃப்டினென்ட் (லெவல் 2) கிடைத்தால் அவரை கீப்பிலேயே பூட்டி வைப்பது வீண். லீடர்ஷிப் திறமையால் பக்கத்துக் கட்டத்தில் உள்ள லெவல் 1 யூனிட்டுகளுக்கு 25% கூடுதல். இது பொழுதின் கணக்கோடு கூட்டப்படும்: இரவின் −25-ம் இந்த +25-ம் சேர்ந்து பூஜ்யம். ஸ்பியர்மேனின் 7 இரவிலும் 7-ஆகவே நிற்கும்.

சாயங்காலம்:

லெஃப்டினென்ட் கணக்கு சரிதான். ஆனா லீடர் செத்தா ஆட்டமே முடிஞ்சது. கட்டம் எண்ணப் பழகாதவர் லீடரை முன்னாடி கொண்டு போறது ஆபத்து. நாலு பேர் சூழ்ந்தா லெவல் 2 ஒண்ணும் நிக்காது.

கோட்டைவாசல்:

அதனால் நிபந்தனையோடு சொல்கிறேன். ஒரே டர்னில் கீப்புக்குத் திரும்பும் தூரம், காசிலோ கிராமமோ காலடியில், எதிரிக்குத் திறந்த கட்டம் 2-க்கு மேல் இல்லை. மூன்றும் பொருந்தினால் வெளியே வரலாம். ஒன்று இல்லையென்றாலும் உள்ளேயே இருக்கட்டும்.

புதுப்படை:

டர்ன் 4 அந்தி என்பது இப்போதுதான் உறைக்கிறது. இரண்டு துணைக் கேள்வி. அன்டெட் என்று தெரிந்த பிறகு என்ன வாங்க வேண்டும்? புதியவருக்கு லாயலிஸ்ட் சரிதானா, வேறு அணி எளிதா?

ஆறுமுனை:

அன்டெட்: ஹெவி இன்ஃபன்ட்ரி (19) இரண்டு, மேஜ் இரண்டு மூன்று, கேவல்ரி இரண்டு. இனி ஸ்பியர்மேன் வாங்க வேண்டாம்.

ஹெவியின் 11×2 தடியடி ஸ்கெலிட்டன் மேல் 13×2 ஆகும். மேஜின் தீயும் அப்படித்தான், 20% கூட. ஆனால் ஹெவிக்கு 4 நகர்வுதான், முன்னால் தனியாகப் போனால் திரும்ப முடியாது. டார்க் அடெப்ட் (அன்டெட்டின் மந்திரவாதி) வந்தால் அந்தக் கவசம் உதவாது. குளிர் மந்திரம் 10×2, எங்கே நின்றாலும் 70%. "ஹெவி நல்லது" என்று கேள்விப்பட்டு நாலு ஐந்து வாங்குபவர்களைப் பழைய ஆட்டக்காரர் அடெப்ட்டை அடுக்கியே முடித்துவிடுவார்.

அடெப்ட்டுக்கு மருந்து கேவல்ரி. அடெப்ட்டிடம் கைச்சண்டை ஆயுதமே இல்லை, குதிரை போய் வெட்டினால் திருப்பி ஒன்றும் வராது. 8 நகர்வு இருப்பதால் பின்வரிசையில் நிற்பவரையும் எட்டும். பகலில் செய்யுங்கள். ஸ்கெலிட்டன் ஆர்ச்சர் பக்கத்தில் இருந்தால் வேண்டாம், குதிரைக்கு ஈட்டி, அம்பு வகை ஆகாது.

கூல் (அன்டெட்டின் விஷ நகம் கொண்ட யூனிட்) கீறினால் டர்னுக்கு 8 ஹெச்பி விஷத்தில் போகும். கிராமத்துக்குப் போன முதல் டர்னில் விஷம்தான் இறங்கும், ஹெச்பி ஏறாது. எனவே விஷம் ஏறியவரை அன்றே அனுப்புங்கள், இரண்டு டர்ன் கழித்து அனுப்பினால் 16 போயிருக்கும்.

அணி: கேம்பெயினில் பழகிய யூனிட்டுகள் என்பதால் லாயலிஸ்ட் சரி. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பதில் அதில் உண்டு, ஆனால் எந்தப் பதில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம்:

நான் நார்தனர்ஸ் (ஓர்க் அணி)னு சொல்வேன். கிரண்ட் 12 கோல்டு, ஒரு ஆள் போனாலும் கை நடுங்காது. ஓர்க்குக்குக் குன்றுல 1 நகர்வுதான் செலவு, மனுஷனுக்கு 2. பொழுது பார்த்து அடிக்கிற பழக்கம் வர்றதுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது: ராத்திரி முன்னாடி போ, விடிஞ்சா ஒதுங்கு. அன்டெட் வேண்டாம். பார்க்க எளிது, ஆனா அடெப்ட்டைக் காப்பாத்தத் தெரியாதவர் கையில அது 16 கோல்டு தானம்.

கணக்குப்புலி:

அமைப்பைப் பற்றிச் சில.

இருவரும் ஒரே பதிப்பு வரிசையில் இருக்க வேண்டும், 1.16 வைத்திருப்பவரும் 1.18 வைத்திருப்பவரும் ஒரே லாபியில் சந்திக்க மாட்டார்கள். மேப் வெல்டின் சேனல், தி ஃப்ரீலேண்ட்ஸ் போன்ற இருவர் மேப்பாக இருக்கட்டும். நால்வர் ஆடும் ஐசார்ஸ் கிராஸில் கூட்டம் எப்போதும் உண்டு, ஆனால் அது சிறிய மேப், லீடர்கள் பக்கத்துப் பக்கத்தில், பின்வாங்க இடமே இல்லை. இங்கே பேசிய எதையும் அதில் பழக முடியாது.

நேரக் கட்டுப்பாடு இருந்தால் தொடங்கும் முன்பே கூடுதல் நேரம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நேரம் தீர்ந்தால் டர்ன் தானாக முடிந்துவிடும், அதுவும் நகர்த்தாத பாதிப் படையோடு. அவசரமானால் முதலில் அடிபட்டவர்களைப் பின்னால் இழுங்கள், தாக்குதல் பிறகு.

யு அழுத்தினால் நகர்வைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஃபாக் விலகிவிட்டாலோ, தாக்கிவிட்டாலோ, ரேண்டம் குணங்களோடு யூனிட் பிறந்துவிட்டாலோ முடியாது. ஆகவே, டர்னில் முதலில் வேவு பார்ப்பவரை நகர்த்துங்கள், பிறகு மற்றவர்களை. தலைகீழாகச் செய்தால் படையை நிறுத்திய பிறகு பக்கவாட்டில் மூன்று ஓநாய் வீரர்கள் தெரிவார்கள், அப்போது யு உதவாது.

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைச் சேமித்து, அந்தி டர்னில் நிறுத்தி, ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை கட்டம் திறந்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்ததை இங்கே பதிவிடும்போது அந்த டர்னின் எண்ணையும் சேர்த்துப் போட்டால் பார்ப்பவர்களுக்கு எளிது.

புதுப்படை:

கடைசி ரீப்ளேயில் எண்ணினேன். அந்தியில் மேஜுக்கு 3 கட்டம் திறப்பு, வரிசையின் ஓரத்தில். லீடர் கீப்பிலிருந்து இரண்டு டர்ன் தள்ளி, கையில் 34 கோல்டு. அடுத்த ஆட்டத்தில் நார்தனர்ஸ், ஃப்ரீலேண்ட்ஸ் மேப். டர்ன் எண்ணோடு பதிவிடுகிறேன்.